மனுதாரராக நான்கு ஆண்டுகள்: எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம் பற்றிய மதிப்புரை

எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தின் படியை நான் முதன்முதலாக மிதித்தது 2021 ஆகஸ்ட் மாதத்தில். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகை மூன்று மாதங்களாக நின்றுபோயிருந்தது. வங்கியில் கேட்டால் தாலுகா அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். தாலுகா அலுவலகத்தில் கேட்டால் வங்கியைக் கைகாட்டினார்கள். "எம்.எல்.ஏ. ஆபீசில் சொன்னால் ஒரே போனில் முடிந்துவிடும்" என்று தெருவே சொன்னதை நம்பிப் பாட்டியை அழைத்துக்கொண்டு போனேன். அன்றிலிருந்து இன்றுவரை, சொந்த வேலையாகவும் ஊர் வேலையாகவும், இருபது முறைக்குக் குறையாமல் அங்கே போய் வந்திருக்கிறேன். துணிக்கடையைப் பற்றியும் மருத்துவமனையைப் பற்றியும் பட்ட அனுபவத்தைப் பலரும் எழுதுகிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாமே வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டு ஏற்படுத்துகிற இந்தச் சேவை எதைச் செய்யும், எதைச் செய்ய இயலாது, எப்படிக் கேட்டால் நடக்கும் என்பதைப் பற்றி ஒரு மனுதாரர் எழுதி நான் படித்ததில்லை. ஆகவே நானே எழுதுகிறேன். ஊர், உறுப்பினர், கட்சி ஆகிய மூன்றின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெயர் வந்தவுடன் பேச்சு கட்சிக்குப் போய்விடும். அலுவலகத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

அலுவலகம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அரசு கட்டிக்கொடுத்த கட்டடம். ஆட்சி மாறினாலும் உறுப்பினர் மாறினாலும் முகவரி மாறாது என்பது வயதானவர்களுக்குப் பெரிய வசதி. முன்கூடத்தில் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு குடிநீர்க் கேன், இடதுபுறம் இ-சேவைக்கான கணினி, வலதுபுறம் நேர்முக உதவியாளரின் மேசை. அந்த மேசையின் மேல் சிவப்புத் துணி முதுகு கொண்ட நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். வரிசை எண், தேதி, பெயர், ஊர், பொருள், எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது, என்ன பதில் வந்தது என்று ஏழு கட்டங்கள் அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போடப்பட்டிருக்கின்றன. முதல் ஆறு கட்டங்கள் நிரம்பியிருக்கும். ஏழாவது கட்டம் பக்கத்துக்கு நான்கோ ஐந்தோ இடங்களில்தான் நிரம்பியிருக்கும். இந்த அலுவலகத்தின் தரத்தை யாராவது என்னிடம் கேட்டால், சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்க்காமல் அந்த ஏழாவது கட்டத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பாட்டியின் வேலை இருபத்திரண்டு நாளில் முடிந்தது. ஒரே போனில் முடியவில்லை, முடியவும் முடியாது. நேர்முக உதவியாளராக அப்போது இருந்த இளைஞர் பாட்டியின் வங்கிப் புத்தகத்தையும் ஆதார் அட்டையையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இதைக் கவனிக்கிறவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான தனி வட்டாட்சியர். நீங்கள் இத்தனை நாளாக வேறு மேசையில் போய் நின்றிருக்கிறீர்கள்" என்றார். கணக்கு எண்ணில் ஏற்பட்ட ஒரு மாற்றம் பதிவாகாமல் இருந்ததுதான் கோளாறு. தனி வட்டாட்சியருக்கு உறுப்பினரின் கையொப்பத்தோடு ஒரு கடிதம், அதில் பாட்டியின் உத்தரவு எண், இணைப்பாக இரண்டு நகல்கள்; அவ்வளவுதான் அவர் செய்தது. அப்போது அந்தத் தொகை மாதம் 1,000 ரூபாய். 2023இல் அது 1,200 ஆனது. அந்தப் பணத்தைக் கொடுக்கவோ நிறுத்தவோ சட்டமன்ற உறுப்பினருக்கு அதிகாரம் கிடையாது என்பதை அன்றைக்குத்தான் நான் புரிந்துகொண்டேன். அவருடைய கடிதத்துக்கு இருப்பது மதிப்பு மட்டுமே. சரியான மேசைக்கு, சரியான எண்ணோடு போனால் அந்த மதிப்பு வேலை செய்யும். தவறான மேசைக்குப் போனால் அதுவும் நம் மனுவைப்போலவே கோப்பில் தூங்கும்.

மக்கள் இந்த அலுவலகத்திடம் கேட்பதில் பெரும்பகுதி அதன் வேலையே அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று வருகிறவர்களை வாரத்துக்கு வாரம் பார்க்கிறேன். அவையெல்லாம் ஊராட்சியோ பேரூராட்சியோ நகராட்சியோ செய்ய வேண்டியவை. தமிழ்நாட்டின் 234 உறுப்பினர்களில் ஒருவராகச் சென்னையில் உட்கார்ந்து சட்டம் இயற்றுவதும், அரசு கேட்கும் பணத்துக்கு ஒப்புதல் தருவதும், அமைச்சர்களைக் கேள்வி கேட்பதும்தான் இவர் தேர்ந்தெடுக்கப்பட்ட காரணம். ஆனால் காதுகுத்துக்கு வராத உறுப்பினரை மறக்காத நம் ஊர், துறைகளுக்கு அரசு பணம் கேட்கும் மானியக் கோரிக்கை மீது ஒருநாள்கூடப் பேசாத உறுப்பினரைக் கேட்பதில்லை. எங்கள் அலுவலகத்தின் பலமும் பலவீனமும் இந்த எதிர்பார்ப்பிலிருந்தே பிறக்கின்றன.

எங்கள் உறுப்பினரின் அரசியல் வாழ்க்கையே அதற்குச் சாட்சி. கிளைச் செயலாளராகத் தொடங்கி, ஒன்றியக் குழு உறுப்பினராகி, ஒருமுறை சட்டமன்றத் தேர்தலில் தோற்று, அடுத்த முறை குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றவர். இருபது ஆண்டுகள் ஒன்றிய அலுவலகத்தின் வராந்தாவில் நின்று பழகியதால் வட்டார வளர்ச்சி அலுவலரின் மேசையில் எந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். சாலை, பாலம், கலையரங்கம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி என்று மண்ணில் எழும்பும் எதைக் கேட்டாலும் மதிப்பீட்டுத் தொகை உட்பட அங்கேயே சொல்வார். பேரவை விதிகளில் அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. வினா அனுப்புவது, அவசரப் பிரச்சினையை அமைச்சரின் கவனத்துக்குக் கொண்டுவரும் கவன ஈர்ப்புக் கொடுப்பது, அரசு கேட்கும் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுப்பது ஆகியவற்றில் முதல் இரண்டு ஆண்டுகள் அவர் தயங்கினார் என்பது வெளிப்படையாகவே தெரிந்தது. அதனால் எங்கள் தொகுதிக்கு ஏற்பட்ட இழப்பு கண்ணுக்குத் தெரியாத இழப்பு. திறப்பு விழாக் கல்வெட்டைப்போல அதை யாரும் சுட்டிக்காட்ட முடியாது.

தொகுதி மேம்பாட்டு நிதியின் பயன்பாட்டில் இந்த அலுவலகத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் அந்தத் திட்டத்தில் கிடைக்கிறது. அது உறுப்பினரின் கைக்கு வருகிற பணம் அல்ல; அவர் பணியைப் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார், துறைகள் கட்டும். எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை போதாமல் இருந்ததைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு எழுதிக் கொடுத்தோம். உறுப்பினரே ஒரு சனிக்கிழமை காலையில் வந்து, தலைமை ஆசிரியையோடு நின்று, எத்தனை பிள்ளைகள், எத்தனை கதவுகள், தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டார். தண்ணீர் இணைப்பு இல்லாமல் கழிப்பறை கட்டினால் ஆறு மாதத்தில் பூட்டுப் போடவேண்டி வரும் என்று சொல்லி, ஆழ்துளைக் கிணற்றையும் மோட்டாரையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொன்னார். பதினோரு மாதங்களில் பணி முடிந்தது. இன்றும் தண்ணீர் வருகிறது. ஒன்றியத்தில் கழித்த இருபது ஆண்டுகள் அந்தக் கேள்வியில் பேசின என்று நினைக்கிறேன்.

அதே அலுவலகம் பேருந்து விஷயத்தில் எங்களைப் படுத்திய பாடும் உண்டு. எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிற்றூருக்குக் காலையில் வருகிற டவுன் பஸ், மாலையில் எங்கள் ஊரோடு திரும்பிவிடும். பள்ளிவிட்டு வருகிற இருபத்தேழு பிள்ளைகள், அவர்களில் பதினாறு பேர் பெண்கள், கண்மாய்க் கரை வழியாக நடந்து போகவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். 2022 ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, வீட்டு முகவரி அடங்கிய பட்டியலோடு மனுக் கொடுத்தோம். சிவப்பு நோட்டில் எண் போட்டார்கள். நான் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை. அது என் தவறு.

செப்டம்பரில் போனபோது நேர்முக உதவியாளர் மாறியிருந்தார். புதியவர் நோட்டைப் புரட்டிவிட்டு, பேருந்து சம்பந்தமாகக் கடிதம் போனதாகப் பதிவு இல்லை என்றார். ஆறாவது கட்டத்தில் போக்குவரத்துக் கழகத்தைக் குறிக்க "போ.வ.க." என்று மட்டும் பென்சிலால் எழுதியிருந்தது, எந்தக் கிளைக்கு, எந்தத் தேதியில் என்பது இல்லை. பிள்ளைகளின் பட்டியலையும் காணோம். மீண்டும் வீடுவீடாகப் போய்ப் பெயர் வாங்கிப் பட்டியல் எழுதினோம். நவம்பர் மாதத்தில் அந்தக் கரையில் ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளை வழுக்கி விழுந்து கை முறிந்தது. பழி சொல்வதற்காக இதை எழுதவில்லை. மனு என்பது தாள் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு பிள்ளை நடந்துகொண்டிருக்கிறது என்பதை அந்த அலுவலகம் மறந்த மூன்று மாதங்களை நான் மறக்க முடியாது. பொறுப்பாளர் மாறும்போது நிலுவை மனுக்களைப் பட்டியலிட்டு ஒப்படைக்கும் வழக்கம் அங்கே இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

இதற்கிடையில், 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நீண்ட நாள்களாக நிறைவேறாமல் இருக்கும் பத்துக் கோரிக்கைகளை முன்னுரிமை வரிசையில் தருமாறு கேட்டிருந்தார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோரிடமும் கேட்கப்பட்டது நல்ல முறை. எங்கள் உறுப்பினரின் பட்டியலில் புறவழிச்சாலை, கல்லூரி, ஆற்றுப்பாலம் என்று பெரிய வேலைகள் இருந்தன, அது நியாயமே. ஆனால் பத்துப் பெரிய கோரிக்கைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையில், டீசல் செலவைத் தவிர வேறு செலவே இல்லாத ஒரு சிறிய கோரிக்கை மேசையின் அடியில் போய்விட்டது.

பிறகு வேலை நடந்த விதத்தையும் சொல்கிறேன். இரண்டாவது மனுவின் மேல் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்குக் கடிதம் போனது. வசூல் போதாது, பேருந்தைத் திருப்ப இடமில்லை என்று பதில் வந்தது. இந்த இடத்தில்தான் உறுப்பினர் தன் பழைய அனுபவத்தைப் பயன்படுத்தினார். சிற்றூரின் கோயில் திடலுக்கு எதிரே இருந்த ஊராட்சிப் புறம்போக்கில் கிராவல் அடித்துப் பேருந்து திரும்ப இடம் ஒதுக்கும்படி ஊராட்சி மன்றத்தைத் தீர்மானம் போடவைத்தார். வசூல் பற்றிய கேள்விக்குப் பேரவையில் பதில் வாங்குகிறேன் என்றார்.

அந்த வினா வந்த நாளில் நான் பேரவையில் இருந்தேன். பார்வையாளர் மாடத்துக்கு உறுப்பினரின் பரிந்துரையில் அனுமதிச் சீட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாத ஒரு சேவை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் படியேறி உட்கார்ந்தேன். பேரவைத் தலைவர் திருக்குறளையும் பொருளையும் வாசித்து அவையைத் தொடங்கினார். முதல் மணி நேரம் வினாக்களுக்கானது. 2022 ஜனவரியிலிருந்து இந்த நேரம் நேரலையாகவும் ஒளிபரப்பாகிறது. எங்கள் ஊரில் மேடையில் நின்றால் அரைமணி நேரம் பேசக்கூடிய மனிதர், கையிலிருந்த தாள் நடுங்க எழுந்து, "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று தொடங்கி, பதினாறு பெண் பிள்ளைகள் என்ற எண்ணைச் சொன்னபோது, நான் எழுதிக் கொடுத்த பட்டியல் அந்த மண்டபத்தில் ஒலித்ததாகவே எனக்குத் தோன்றியது. வசூலுக்காக ஓடும் பேருந்து வேறு, பிள்ளைகளுக்காக ஓடும் பேருந்து வேறு என்று அவர் ஒரு துணை வினாவையும் தொடுத்தார். அமைச்சர் ஆய்வு செய்து ஆவன செய்வதாகக் கூறினார். இரண்டு நிமிடங்கள்கூட ஆகியிருக்காது. ஆனால் அவையில் சொன்ன சொல் குறிப்பில் ஏறிவிடுகிறது. அமைச்சர்கள் தரும் உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று கேட்பதற்கே பேரவையில் ஒரு குழு இருக்கிறது. "ஆகட்டும், பார்க்கலாம்" என்று காமராஜர் சொன்னால் அது நடந்துவிடும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எல்லோருடைய "பார்க்கலாம்" என்ற சொல்லுக்கும் அந்த எடை இராது. ஆகவேதான் அதைக் குறிப்பில் ஏற்றும் இடம் தேவைப்படுகிறது.

2023 ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தபோது மாலைப் பேருந்து சிற்றூர் வரை ஓடத் தொடங்கியது. மனுக் கொடுத்து ஓராண்டு. கடிதத்தால் மட்டும் அது நடக்கவில்லை, வினாவால் மட்டும் நடக்கவில்லை, கிராவல் அடித்த அந்தத் திடலால் மட்டும் நடக்கவில்லை. எந்தக் கோரிக்கைக்குக் கடிதம் போதும், எதற்கு நிதி வேண்டும், எதைப் பேரவைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மனு வாங்கும்போதே பிரித்துச் சொல்லத் தெரிந்த அலுவலகம்தான் நல்ல அலுவலகம் என்பது என் துணிபு. எங்களுடையது அதைக் கற்றுக்கொள்ள இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

கற்றுக்கொள்ள அவசியமில்லாமல் தொடங்கியவர்களும் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். 1957இல் குளித்தலையிலிருந்து முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குப் போன மு. கருணாநிதி, தம் கன்னிப்பேச்சில் எடுத்துக்கொண்டது நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினை. தொகுதியின் வயலில் இருந்த வழக்கை அவையின் நடுவே வைப்பது எப்படி என்பதற்கு அது இன்றும் பாடம். அதற்குப் பிறகு அவர் போட்டியிட்ட எந்தச் சட்டமன்றத் தேர்தலிலும் தோற்றதில்லை. மொத்தம் 13 முறை வென்றார். இன்னொரு பக்கம், மதுரை கிழக்குத் தொகுதியை 2001 முதல் 2011 வரை இரண்டு முறை வென்ற நன்மாறன், பதவிக் காலம் முடிந்த பிறகும் வாடகை வீட்டில் வாழ்ந்து, 2021இல் அரசுக் குடியிருப்பில் வீடு கேட்டுத் தம் மனுவை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனார். பத்தாண்டுகள் மற்றவர்களுடைய மனுக்களை வாங்கியவர் ஒரு மனுதாரராக வரிசைக்கு வந்த அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆண்டே அக்டோபரில் அவர் காலமானார். 2017இல் உறுப்பினர்களின் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக உயர்த்தப்பட்டபோது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். நேர்மையாக இருக்க நினைக்கிற உறுப்பினருக்கு அந்தப் பணம் தேவை என்று இப்போது கருதுகிறேன். கல்யாண மொய் மட்டுமே மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதை அந்த முன்கூடத்தில் குவியும் பத்திரிகைகளைப் பார்த்தாலே கணக்கிட்டுவிடலாம்.

சேவையே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2017 செப்டம்பரில் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்கீழ் 18 உறுப்பினர்கள் பேரவைத் தலைவரால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளிடம் இருவேறு தீர்ப்பாகி, மூன்றாவது நீதிபதியிடம் போய், 2018 அக்டோபரில்தான் நீக்கம் செல்லும் என்று முடிவானது. அந்தத் தொகுதிகளுக்கு 2019 ஏப்ரல், மே மாதங்களில்தான் இடைத்தேர்தல் நடந்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேல், ஆண்டிபட்டி முதல் பெரம்பூர் வரையிலான அந்தத் தொகுதிகளின் மக்களுக்காகப் பேரவையில் எழுந்து நிற்க ஒருவர்கூட இல்லை. யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. உறுப்பினர் இல்லாத தொகுதியின் சிவப்பு நோட்டில் ஆறாவது கட்டத்தை நிரப்பக்கூட ஆள் இருக்காது என்பதே என் கவலை.

எங்கள் அலுவலகத்தின் குறைகளில் இன்னும் இரண்டைச் சொல்லவேண்டும். உறுப்பினர் இன்று இருப்பாரா, மாட்டாரா என்பதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. தொலைபேசியில் கேட்டால் "வந்துவிடுவார்" என்பார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் "துக்க வீட்டுக்குப் போயிருக்கிறார்" என்பார்கள். இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்து கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு அது ஒருநாள் சம்பளம். வாரத்தில் எந்த இரண்டு நாள் இருப்பார் என்று கதவில் ஒரு தாள் ஒட்டினால் போதும். இரண்டாவது, பெண்கள் தனியாக வந்தால் கட்சிக்காரர்கள் கூட்டமாக நிற்கும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வரத் தயங்குகிறார்கள். என் மனைவி ஒருமுறை வாசலோடு திரும்பி வந்துவிட்டாள். இதை உறுப்பினரிடமே சொன்னேன். அவர் அன்றே வாசலைக் காலி செய்யச் சொன்னார், இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது.

நிறையாகச் சொல்லவேண்டியது ஒன்று: இத்தனை முறை போயும் என்னிடம் எந்தக் கட்சி என்று யாரும் கேட்டதில்லை, எதற்கும் பணம் கேட்டதில்லை. ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். அரை மதிப்பெண்ணைப் பேருந்து மனுவை மறந்த அந்த மூன்று மாதங்களுக்காகவும், ஒரு மதிப்பெண்ணை முதல் இரண்டு ஆண்டுகள் பேரவையில் தயங்கியதற்காகவும் குறைத்திருக்கிறேன்.

போகிறவர்கள் மனுவை இரண்டு நகலாக எடுத்துச் செல்லுங்கள். ஒன்றில் முத்திரையும் நோட்டின் வரிசை எண்ணும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எந்த அலுவலகத்தில் கேட்டீர்கள், என்ன சொன்னார்கள் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவாக இருந்தால் அந்த எண்ணையும் சேருங்கள். ஒரு மாதம் கழித்துப் போய் ஆறாவது கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள். சென்ற வாரம் நான் போனபோது பேருந்து மனுவின் வரிசையைக் காட்டச் சொன்னேன். பென்சிலில் இருந்த "போ.வ.க." மேல் மை ஏறியிருந்தது. ஏழாவது கட்டத்தில் மாலை 5.10 என்று நேரமும், வழித்தட எண்ணும், தேதியும் எழுதியிருந்தார்கள்.